தாம்பரத்தில் ஏறி கோட்டையில் இறங்குவதற்குள் ட்ரம்பெட்டைப் பற்றி இத்தனை சங்கதியா! தெரியுமா?

ட்ரம்பெட்டுக்குள் சத்தம் போடுகிற பாகம் என்று ஒன்றுமே கிடையாது, தெரியுமா? வீணைக்குத் தந்தி இருக்கிறது. மிருதங்கத்துக்குத் தோல் இருக்கிறது. நாகசுரத்துக்குச் சீவாளி இருக்கிறது. ட்ரம்பெட்டைக் கழற்றிக் கழற்றிப் பாருங்கள்: குழாய், குழாய், மறுபடியும் குழாய்! சுருட்டி வைத்திருக்கும் அந்தக் குழாயை நீட்டினால் சுமார் 148 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஐந்தடி. அப்படியானால் மாப்பிள்ளை அழைப்பில் மூன்று தெரு தாண்டிக் கேட்கிற அந்த முழக்கம் எங்கிருந்து கிளம்புகிறது? ஊதுகிறவரின் உதட்டிலிருந்து! மவுத்பீஸில் ஒட்டி வைத்த இரண்டு உதடுகளும் மூச்சுக் காற்றில் படபடக்கின்றன. பேண்டுக்காரர்கள் சுருதி சேர்க்கும் பி-ஃப்ளாட் ஸ்வரத்தில் விநாடிக்கு 466 தடவை. அதற்கு ஒரு ஸ்தாயி மேலே போனால் 932 தடவை! குரல்வளையை விட்டால் நம் உடம்பில் இந்த வேகத்துக்கு அதிரக்கூடிய சதை வேறு இருக்கிறதா, யோசித்துப் பாருங்கள்.

நம்பிக்கை வரவில்லையா? 1956-ல் லண்டனில் ஹாஃப்னுங் இசை விழா. அந்தக் காலத்தின் தலைசிறந்த ஹார்ன் கலைஞர் டென்னிஸ் பிரெய்ன் மேடைக்கு வந்தார். கையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் ஹோஸ்! அதில் மவுத்பீஸைச் செருகி, லியோபோல்ட் மோட்சார்ட்டின் உருப்படி ஒன்றை வாசித்தே காட்டினார். பித்தளைக் குழாய் ஒரு அங்குலம்கூடத் தேவைப்படவில்லை. உதடும், மூச்சும், ஏதாவது ஒரு குழாயும் இருந்தால் போதும்.

இந்த உதடு, மூச்சு, குழாய் மூன்றின் கதையையும் தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயில் பாதையிலேயே முழுசாகப் பார்த்துவிடலாம் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1931-லிருந்து மின்சார ரயில் ஓடும் பாதை அது. எத்தனையோ வருஷமாக நாம் ஜன்னலோரம் உட்கார்ந்து கடந்து போகும் ஸ்டேஷன்கள். ஒவ்வொன்றாக வாருங்கள்!

சானடோரியம்: நுரையீரலின் ஊர்

தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷனுக்கு ஏன் 'சானடோரியம்' என்று பெயர்? 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக அங்கே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். நல்ல காற்று, மரநிழல், ஓய்வு இவைதாம் அன்றைக்குக் காசத்துக்கு வைத்தியம். பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டு, இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. தமிழ்நாட்டில் நுரையீரல் என்றால் நினைவுக்கு வரும் ஊர் தாம்பரம். அந்த ஊர்ப் பக்கத்தில் ட்ரம்பெட் ஊதிப் பழகுகிறவர்களுக்கு மூச்சைப் பற்றிப் பேச வேறு இடம் வேண்டுமா?

ட்ரம்பெட் ஊத மலை போல் நெஞ்சு வேண்டும் என்றுதானே நினைக்கிறோம்? இல்லவே இல்லை! ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் டியூபா வாசித்தவர். டியூபா என்பது பித்தளைக் குடும்பத்திலேயே மூச்சை அதிகமாக விழுங்கும் பூதம். ஜேக்கப்ஸுக்கோ ஆஸ்துமா; நுரையீரல் கொள்ளளவு சராசரி மனிதரை விடக் குறைவு! அப்படிப்பட்டவர்தான் உலகம் முழுவதிலிருந்தும் ட்ரம்பெட், ட்ராம்போன், ஹார்ன் கலைஞர்கள் மூச்சுப் பாடம் கற்கத் தேடி வந்த ஆசான். நுரையீரல் நோய் ஆஸ்பத்திரியில் இருப்பது போன்ற அளவுக் கருவிகளைத் தன் பாட அறையிலேயே வைத்திருந்தார். ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு நம் ஆஸ்பத்திரிகளில் கொடுப்பார்களே, மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா, உறிஞ்சினால் பந்து மேலே ஏறுமே? பாட்டிக்கு வாங்கி வந்து பரண்மேல் கிடக்கும் அந்த டப்பாவை எடுத்துப் பித்தளை வாத்தியக்காரர்கள் தினமும் பயிற்சி செய்கிறார்கள், தெரியுமா? பந்து தானாக மேலே நிற்க வேண்டும், தோள் மட்டும் தூக்கக் கூடாது. அதுதான் பாடம்.

இன்னொரு வேடிக்கை. எல்லா மாஸ்டர்களும் சொல்வது: "டயஃப்ரத்துலேர்ந்து ஊதுடா!" உதரவிதானம் என்ற அந்தத் தசை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கூரை மாதிரி இருப்பது. ஆனால் அது மூச்சை உள்ளே இழுக்கும் தசை! சுருங்கினால் கீழே இறங்கும், காற்று உள்ளே வரும். வெளியே தள்ளும் வேலை அதற்குத் தெரியாது. காற்றைத் தள்ளுவது வயிற்றுத் தசைகளும் விலா எலும்புகளுக்கு இடையிலான தசைகளும்தான். அதனால் மாஸ்டர் சொல்வது தப்பு என்று எதிர்த்துப் பேசிவிடாதீர்கள். வயிறு விரிய நிறைய இழு, அவசரப்படாமல் விடு என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். உடற்கூறு தப்பு, அறிவுரை சரி!

இதே காரணத்தால்தான் பேண்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில் உட்காருவார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டால் உதரவிதானம் கீழே இறங்க இடமிருக்காது, மூச்சு பாதிதான் வரும். அப்படியும் மணம் இழுக்குமே! ஒரு கல்யாண மண்டபத்துப் பின்வாசலில் கேட்ட உரையாடல்:

"அண்ணே, ஒரே ஒரு வடைதான்ணே சாப்பிட்டேன்."

"வடை ஒண்ணுதான்டா. பாயசம் எத்தனை?"

"அது தண்ணிக் கணக்குல வராதாண்ணே?"

"வாரணமாயிரம் ஊதும்போது பாரு, அந்தத் தண்ணி எங்க வந்து நிக்குதுன்னு."

மூச்சின் அளவு ஒரு பக்கம், அழுத்தம் இன்னொரு பக்கம். உச்ச ஸ்வரத்தைப் பலமாகப் பிடிக்கும்போது வாய்க்குள் காற்றழுத்தம் 150 மில்லிமீட்டர் பாதரச அளவையும் தொடக்கூடும். டாக்டர் கையில் பட்டை கட்டிப் பார்க்கிறாரே, அந்த 120-ஐ விட அதிகம்! முகம் சிவப்பதும், புதிதாகப் பழகுகிறவருக்குக் கண்ணில் பூச்சி பறப்பதும் இதனால்தான். அதிசயம் என்னவென்றால், மேல் ஸ்வரத்துக்கு அழுத்தம்தான் அதிகம், காற்று குறைவாகத்தான் செலவாகும். கீழ் ஸ்வரத்தைப் பலமாக ஊதும்போதுதான் காற்று கரைந்து போகும்.

உதடு தாங்குமா? லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் உதட்டையே கேட்கலாம். இருபதாம் நூற்றாண்டின் பெரும் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர். வருஷக்கணக்கில் மவுத்பீஸை அழுத்தி அழுத்தி அவர் உதடு புண்ணாகித் தழும்பேறியது. உதட்டைச் சுற்றியுள்ள தசை கிழிவதற்கு மருத்துவர்கள் அவருடைய செல்லப் பெயரான 'சாச்மோ'வையே வைத்துவிட்டார்கள். ஜெர்மனியில் ஒரு ட்ராம்போன்காரர் உதட்டுக் களிம்பு ஒன்றைச் செய்து கொடுக்க, ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு அது பிடித்துப்போய், களிம்பு அவர் பெயரிலேயே விற்பனைக்கு வந்தது! நம் பக்கத்துப் பேண்டுக்காரர்களிடம் கேட்டால் நெய் தடவு, வெண்ணெய் தடவு என்பார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே மருந்து ஓய்வுதான். "லிப் போச்சு" என்று ஒருவர் ட்ரம்பெட்டைக் கீழே வைத்தால் மற்றவர்கள் ஒரு வார்த்தை கேலி செய்ய மாட்டார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் கேலி உண்டு.

சரி, மூச்சே விடாமல் ஊத முடியுமா? முடியும், தெரியுமா! கன்னத்தில் கொஞ்சம் காற்றைச் சேமித்துக்கொண்டு, கன்னத்தால் அதைப் பிதுக்கித் தள்ளும் அந்தக் கண நேரத்தில் மூக்கால் புது மூச்சு இழுப்பது. மெக்சிகோவில் பிறந்த ரஃபேல் மெண்டெஸ் இப்படித்தான் பகனினியின் வயலின் உருப்படி ஒன்றை இடைவெளியே இல்லாமல் நான்கு நிமிஷத்துக்கு மேல் ட்ரம்பெட்டில் ஊதிப் பதிவு செய்தார். 1997-ல் சாக்ஸபோன்காரர் கென்னி ஜி ஒரே ஸ்வரத்தை 45 நிமிஷம் 47 விநாடி பிடித்தார். உலகமே வாய் பிளந்தது.

நாம் வாய் பிளக்க வேண்டியதில்லை! நாகசுரக் கச்சேரியில் ஓரமாக உட்கார்ந்து ஒத்து ஊதுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? ராகம் கிடையாது, தாளம் கிடையாது, கைதட்டல் கிடையாது. ஒரே ஸ்வரம், கச்சேரி முடியும் வரை, அறுபடாமல். அதே கன்ன மூச்சுதான்! தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகியதைத்தான் மேல்நாட்டு மாணவர்கள் இன்று புத்தகம் வைத்துப் படிக்கிறார்கள். இப்போது ஒத்தின் இடத்தை சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டது எனக்கு ஆறாத வருத்தம். ஒத்து ஊதுகிறவர் யாராவது உங்கள் ஊர்க் கோயிலில் இருந்தால் கச்சேரி முடிந்ததும் அவரிடம் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

பழக வேண்டுமானால் டம்ளர் தண்ணீரும் ஒரு ஸ்ட்ராவும் போதும். ஊதினால் குமிழி வரும். மூக்கால் மூச்சு இழுக்கும்போதும் குமிழி நிற்கக் கூடாது. முதல் நாள் சட்டை நனையும். பரவாயில்லை.

சானடோரியத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒரு எச்சரிக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒரு ட்ராம்போன்காரர் பதினைந்து வருஷம் இருமினார். எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. கடைசியில் பார்த்தால், கழுவாத ட்ராம்போனுக்குள் வளர்ந்திருந்த கிருமிகளை அவர் மூச்சோடு இழுத்துக்கொண்டிருந்தார்! வாத்தியத்தைச் சுத்தம் செய்தார், இருமல் நின்றது. 2010-ல் மருத்துவ இதழிலேயே வந்த செய்தி. ட்ரம்பெட்டின் அடிக்குழாயிலிருந்து சாவியைத் திறந்து சொட்டச் சொட்ட விடுகிறார்களே, அதைப் பார்த்து "எச்சில், எச்சில்" என்று முகம் சுளிப்போம். அதில் பெரும்பகுதி எச்சில் இல்லை, மூச்சின் ஈரம் குளிர்ந்த குழாயில் பட்டு நீரானது. ஆனாலும் மாதம் ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் குழாயைக் குளிப்பாட்டத்தான் வேண்டும்.

பல்லாவரம் சந்தையில் ஒரு ட்ரம்பெட்

குரோம்பேட்டை தாண்டினால் பல்லாவரம். வெள்ளிக்கிழமை என்றால் இறங்கியே ஆக வேண்டும்! வெள்ளைக்காரர் பாளையம் இருந்த காலத்திலிருந்து நடக்கும் சந்தை. கோழிக்குஞ்சு, ரோஜாச் செடி, பழைய கடிகாரம், கழற்றிப் போட்ட கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் நடுவே சில வெள்ளிகளில் தரையில் விரித்த சாக்கின்மேல் ஒரு ட்ரம்பெட் படுத்திருக்கும். பார்த்ததும் நெஞ்சு படபடக்கும். நிதானம்! பேரம் பேசும் முன் இதையெல்லாம் பாருங்கள்.

முதலில் மூன்று வால்வுகளையும் அழுத்துங்கள். அழுத்தின வேகத்தில் மேலே எழ வேண்டும். அடுத்து, வால்வை அழுத்தாமலேயே பக்கத்துச் சின்னக் குழாய் ஒன்றை வெடுக்கென்று உருவுங்கள். 'டப்' என்று சத்தம் கேட்டால் காற்று ஒழுகவில்லை என்று அர்த்தம். சத்தமே வராவிட்டால் வால்வு தேய்ந்திருக்கிறது, கீழே வைத்துவிடுங்கள். பிறகு மவுத்பீஸ் செருகும் குழாயை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. வருஷக்கணக்கில் ஈரமும் வியர்வையும் பட்டால் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சும். ரோஜா நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் குழாய் உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். மேலே எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம்!

மவுத்பீஸ் இறுகிப் போயிருந்தால் குறடு போட்டுத் திருகாதீர்கள். அதை எடுக்கவே தனிக் கருவி இருக்கிறது. வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். வால்வு எண்ணெய் மண்ணெண்ணெய் மாதிரி நீர்க்க இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வால்விலும் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும், தெரியுமா? துடைத்துவிட்டு மாற்றிப் போட்டால் ஓட்டைகள் நேர் சேராது, எவ்வளவு ஊதினாலும் காற்றே போகாது. புதிதாகச் சேர்ந்த பையன்கள் எல்லோருக்கும் ஒரு தடவை இது நடக்கும்.

"மாஸ்டர், ட்ரம்பெட் செத்துப் போச்சு!"

"எப்படிடா செத்துச்சு?"

"நேத்து கழுவுனேன். இன்னிக்கு மூச்சே வாங்கல."

"ஒண்ணை ரெண்டுல போட்டிருப்ப, ரெண்டை ஒண்ணுல போட்டிருப்ப. வீட்டு சாவியக் கொண்டுபோய் அடுத்த வீட்டுல போட்டா தொறக்குமா?"

சந்தையில் கிடைக்கும் ட்ரம்பெட் பெரும்பாலும் எங்கே பிறந்ததாக இருக்கும்? உத்தரப் பிரதேசத்து மீரட்டில்! அங்கே ஜாலி கோட்டி என்ற பகுதி முழுக்கப் பேண்டு வாத்தியம் செய்கிறவர்கள். நாதிர் அலி கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. இந்தியா முழுக்கக் கல்யாணத் தெருக்களில் முழங்குவது அந்தப் பட்டறைகளின் தகடுதான்.

மவுத்பீஸ் எண்ணைப் பற்றிச் சொல்லாமல் போனால் வாத்தியக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். வின்சென்ட் பாக் என்ற ஆஸ்திரியர், பொறியியல் படித்தவர், ட்ரம்பெட் கலைஞர். அமெரிக்காவில் அவருடைய அருமை மவுத்பீஸை ரிப்பேர்காரர் கெடுத்துவிட, தானே கடைசல் எந்திரம் வாங்கி, 1918-ல் நியூயார்க்கில் மவுத்பீஸ் செய்ய ஆரம்பித்தார். அவர் வைத்த எண்முறைதான் இன்றும் பேச்சு. அதில் எண் குறையக் குறையக் கிண்ணம் அகலமாகும்! மாணவர்களுக்குக் கொடுக்கும் 7சி-யின் உள்விட்டம் 16 மில்லிமீட்டர் சொச்சம், 3சி அதைவிட மயிரிழைதான் பெரிது. அந்த மயிரிழைக்குத்தான் இத்தனை அமர்க்களம்:

"அண்ணே, நான் 7சி-லேர்ந்து 3சி-க்கு வந்துட்டேன்."

"மவுத்பீஸ்ல நம்பர் கொறைஞ்சிடுச்சு. வாசிப்புல தப்பு எப்ப கொறையும்?"

சந்தை ட்ரம்பெட் வளைந்திருந்தால் என்ன செய்வது? ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியைக் கேளுங்கள்! 1953 ஜனவரி 6, அவர் மனைவியின் பிறந்தநாள் விருந்து. மேடையில் வைத்திருந்த ட்ரம்பெட்மேல் யாரோ விழுந்துவிட, பெல் வானம் பார்த்து மடங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் அப்படியே ஊதினார். சத்தம் தன் காதுக்கே நன்றாகக் கேட்கிறதே என்று மகிழ்ந்துபோய், அதற்குப் பிறகு வளைந்த ட்ரம்பெட்டே செய்யச் சொல்லி வாங்கினார். ஆனால் அவரைப் பார்த்துக் கன்னத்தைத் தவளை போல் உப்பாதீர்கள். உப்பியும் வாசிக்க அவருக்கு முடிந்தது, நமக்கு முடியாது.

பழைய ட்ரம்பெட் என்றால் எவ்வளவு பழசு? எகிப்தில் துத்தங்காமுன் கல்லறையில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த இரண்டு ட்ரம்பெட்டுகளுக்கு வயது மூவாயிரம் வருஷத்துக்கு மேல். ஒன்று வெள்ளி, இன்னொன்று செம்புக் கலவை. 1939-ல் ஜேம்ஸ் டாப்பர்ன் என்ற ராணுவப் பேண்டுக்காரர் கெய்ரோ அருங்காட்சியகத்தில் அவற்றை ஊத, பி.பி.சி. வானொலி உலகமெங்கும் ஒலிபரப்பியது! 2011 கலவரத்தில் செம்பு ட்ரம்பெட் களவு போய், நல்லவேளையாகத் திரும்பக் கிடைத்தது.

மீனம்பாக்கம்: வெயிலுக்கும் சுருதிக்கும் என்ன சம்பந்தம்?

திரிசூலத்தில் ரயில் நிற்கும்போது எதிரே விமான நிலையம், பின்னால் மலையடிவாரக் கோயில். கோயில் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சங்கு, கொம்பு, தாரை, எக்காளம், திருச்சின்னம் எல்லாமே ட்ரம்பெட்டின் ரத்த சொந்தம், தெரியுமா? எல்லாவற்றிலும் அதிர்வது உதடுதான். 'தாரை தப்பட்டை முழங்க' என்று தினமும் சொல்கிறோமே, அந்தத் தாரை ஒரு நீண்ட ஊதுகுழல்! திருச்சின்னம் அதைவிட அதிசயம். இரண்டு நேர்குழல்களை ஒரே ஆள் ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊதுவார். திருஞானசம்பந்தருக்கு அரத்துறையில் முத்துச் சிவிகையோடு கிடைத்த பரிசுகளில் சின்னமும் ஒன்று என்கிறது பெரியபுராணக் கதை. நாகசுரமோ சீவாளி குடும்பம், வேறு வம்சம். பளபளவென்று பித்தளையில் மின்னும் சாக்ஸபோனும் சீவாளி வம்சம்தான்! கோயிலில் சங்கு ஊதுகிறவர்தான் ட்ரம்பெட்காரருக்கு நெருங்கிய பங்காளி.

அடுத்து மீனம்பாக்கம். கோடையில் செய்தியில் வருமே, "மீனம்பாக்கத்தில் இவ்வளவு டிகிரி" என்று? அந்த வெயில் ட்ரம்பெட்டின் சுருதியை ஏற்றிவிடும்! உலோகம் சூட்டில் விரியும், குழாய் நீளும், சுருதி இறங்கத்தானே வேண்டும்? இல்லை. உலோகம் விரிவது அற்பம். காற்றில் ஒலியின் வேகம் ஒரு டிகிரிக்கு விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடிக்கொண்டே போகிறதே, அதுதான் காரணம். சித்திரை வெயிலில் ஊர்வலம் போகும்போது ட்ரம்பெட் ஏறி நிற்கும். உடனே சுருதிக் குழாயை வெளியே இழுத்து ட்ரம்பெட்டின் நீளத்தைக் கூட்டுவார்கள். மார்கழி விடியலில் அதே ட்ரம்பெட் மந்தமாக இறங்கிக் கிடக்கும். பையன்கள் அதைக் கக்கத்தில் இடுக்கிச் சூடேற்றிக்கொண்டு நிற்பதை நீங்களே பார்க்கலாம்.

பரங்கிமலை: மூன்றே ஸ்வரம்

பரங்கிமலையில் 1963-லிருந்து ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி. பயிற்சி முடிந்து அணிவகுத்துப் போகும் நாளில் ராணுவப் பேண்டு முழங்கும். அங்கே ஊதும் பியூகிளுக்கு வால்வே கிடையாது. பிறகு எப்படி விதவிதமாக ஊதுகிறார்கள்? உதட்டை இறுக்கியும் தளர்த்தியும்! ஒரே குழாய் தானாகத் தரும் ஸ்வரங்கள் இவை: ச, ப, மேல் ச, க, ப. அவ்வளவுதான். சிப்பாயை எழுப்புவதும், சாப்பிடக் கூப்பிடுவதும், இறந்த வீரருக்கு 'லாஸ்ட் போஸ்ட்' ஊதுவதும் இந்த மூன்று ஸ்வரங்களுக்குள்ளேதான்! பக்கத்தில் நந்தம்பாக்கத்தில் 1952-ல் அமைத்த மெட்ராஸ் போர் கல்லறை இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் மடிந்தவர்களுக்காக. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் மெனின் வாயில் என்ற போர் நினைவுச்சின்னத்தில் 1928-லிருந்து, இரண்டாம் உலகப் போர்க் காலம் நீங்கலாக, ஒவ்வொரு மாலையும் 8 மணிக்கு லாஸ்ட் போஸ்ட் ஊதுகிறார்கள். அந்தச் சுவரில் இந்திய வீரர்களின் பெயர்களும் உண்டு.

மூன்று ஸ்வரத்திலிருந்து பன்னிரண்டுக்கு ட்ரம்பெட் எப்படி வந்தது? 1796-ல் ஹைடன் எழுதிய புகழ்பெற்ற கன்செர்ட்டோ, அன்டன் வைடிங்கர் என்பவர் குழாயில் ஓட்டை போட்டுச் சாவி வைத்த புதுமாதிரி ட்ரம்பெட்டுக்காக. ஆனால் நிலைத்தது வால்வுதான். ஷ்டோல்ஸல், ப்ளூமெல் என்ற இருவர் 1818-ல் பிரஷ்யாவில் காப்புரிமை வாங்கினார்கள். நடு வால்வு அரை ஸ்வரம் இறக்கும், முதல் வால்வு ஒரு ஸ்வரம், மூன்றாவது ஒன்றரை. மூன்று விரலுக்கு எட்டு விதமாக அழுத்தலாம். அதில் ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்றாவதற்குச் சமம் என்பதால் ஏழு நீளம். அந்த ஏழு நீளத்துக்குள் அத்தனை ராகமும்!

கோடம்பாக்கம் தாண்டி, கோட்டை

கோடம்பாக்கத்தில் அதிக நேரம் நிற்கப் போவதில்லை, அது தனிப் புத்தகம். அங்கே சினிமாவுக்குப் பித்தளை வாத்தியம் வாசித்தவர்களில் ஆங்கிலோ இந்தியர்களும் கோவாக்காரர்களும் நிறைய. 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் பாடல் பதிவுக் காட்சி ஒன்று வரும்; எம்.எஸ்.விஸ்வநாதனும் அவர் இசைக்குழுவும் திரையிலேயே தெரிவார்கள். அடுத்த முறை பார்க்கும்போது முன்னால் நிற்கும் நடிகரை விட்டுவிட்டு வாத்தியக்காரர்களைப் பாருங்கள்.

இப்போது கோட்டை! இதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்ட சங்கதி. முத்துசுவாமி தீட்சிதர் இளவயதில் மணலியில் குடும்பத்தோடு இருந்தார். புரவலர் மணலி முதலியார் வீட்டாரோடு புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரப் பேண்டைக் கேட்டிருக்கிறார். கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். அவைதாம் நோட்டுஸ்வரங்கள், சுமார் 40. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டிலேயே 'ஸந்ததம் பாஹிமாம்' பிறந்தது! தம்பி பாலுசுவாமி வயலினைக் கற்றுக்கொண்டு கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். தஞ்சாவூரிலும் இரண்டாம் சரபோஜி அரண்மனையில் மேற்கத்திய பேண்டே வைத்திருந்தார். கல்யாணப் பேண்டு நேற்று வந்த கூத்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு இருநூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது!

நோட்டுஸ்வரங்கள் எந்த ராகம்? சங்கராபரணம். பரங்கிமலையில் வால்வில்லாத குழாய் தானாகக் கொடுத்ததே ச, க, ப, அந்த மூன்றும் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். நோட்டுஸ்வரமும் ட்ரம்பெட்டும் இவ்வளவு லகுவாக ஒட்டிக்கொள்வது வேறெப்படி? சிட்லபாக்கம் ஏரிக்கரைப் பக்கம் சாயங்காலத்தில் ஊதிப் பழகும் பையன்களுக்கு நோட்டுஸ்வரத்தைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார் ஒரு மாஸ்டர்.

"மாஸ்டர், இது கர்நாடக சங்கீதமா, பேண்டு மியூசிக்கா?"

"மொதல்ல ரெண்டாவது வால்வை முழுசா அழுத்து. ரெண்டுல ஏதாவது ஒண்ணு வரும்."